நான் எடுத்த கேள்வித்தாள், நான் எழுதிய பரீட்சை

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடைக்குறிப்பு கைக்கு வந்துவிட்டால், அதில் இல்லாத எதுவும் உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே முற்றிவிட்டது.

கோவை கணபதியில் ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஐம்பது மார்க், ஒன்றரை மணி நேரப் பரீட்சை. செ.மீ. போன்ற அலகு எழுதாவிட்டால் அரை மார்க், ஒரு படியை விட்டால் ஒரு மார்க் என்று வெட்டித் தள்ளினேன். நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் ஃபெயில். (அதை வீட்டில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.)

அந்த வாரமே பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அப்பா மட்டும் கைகட்டிக்கொண்டு, அநியாயத்துக்கு மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க மிஸ், கோவிச்சுக்காதீங்க. எம்புள்ள சுமாராத்தான் படிப்பானுங்க, ஒத்துக்கறேன். ஆனா இந்தப் பேப்பர நீங்க ஒருக்கா எழுதிப் பாத்தீங்களாங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கே எழுதறேனுங்க. புள்ளைங்க முன்னாடியே எழுதறேன். ஸ்டெல்லா மிஸ்ஸே திருத்தட்டும்!"

ஸ்டெல்லா மிஸ் பக்கத்து செக்‌ஷனின் கணக்கு டீச்சர். "எதுக்குங்க இதெல்லாம்? விட்டுப்போடுங்க" என்றார். தலைமை ஆசிரியையும் சொல்லிப் பார்த்தார். நான் விடுவதாக இல்லை.

மறுநாள் கடைசி பெஞ்சில் நாலு பேனாவோடு உட்கார்ந்தேன். நாற்பது பிள்ளைகளும் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். நாற்பது கண்காணிப்பாளர்களை வைத்துப் பரீட்சை எழுதியவர் இந்தியாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்துக் கேள்விகள் வரை பறந்தேன். பதினொன்றாவது கேள்வி: முக்கோணத்தின் பக்கங்கள் 5, 2, 13 செ.மீ. எனில் பரப்பளவு காண்க. ஐந்து மார்க். போட்டேன். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் மைனஸ். மூன்றாவது தடவைதான் உறைத்தது. டைப் அடித்தபோது 12இல் இருந்த ஒன்றை விட்டிருக்கிறேன். ஐந்தும் இரண்டும் சேர்ந்தாலும் பதின்மூன்றைத் தொடாது. பிறகு எங்கே முக்கோணம்? விடைக்குறிப்பைப் பழைய கணக்குக்கு எழுதி வைத்திருந்ததால், 30 என்று வராத நாற்பது பேருக்கும் முட்டை போட்டிருந்தேன்.

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த அளவுகளில் முக்கோணம் அமையாது" என்று எழுதினேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். இதே வரியை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். இரண்டாவது பெஞ்ச் நந்தினி எழுதியிருந்தாள். பக்கத்தில் நான் சிவப்பு மையில், "அதிகப்பிரசங்கித்தனம் கூடாது!" என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

மணி அடித்ததும் நேராக அவளிடம் போனேன். "நந்தினி, நீ எழுதுனதுதான் சரி. தப்பு என்னுதும்மா. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

அவள் பதறி எழுந்து நின்றாள். "ஐயோ, பரவால்லீங்க மிஸ். அப்போ அந்த அஞ்சு மார்க்கு வருமுங்களா?"

வந்தது. அந்தக் கேள்வியைத் தொட்ட எல்லோருக்கும் வந்தது. ஒன்பது பேர் அதிலேயே கரையேறினார்கள். எனக்கு மட்டும் வரவில்லை.

"கேள்வி எடுத்தவிங்களுக்குக் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டார் ஸ்டெல்லா மிஸ். அலகு எழுத மறந்த இடங்களுக்கு அரை அரையாக வெட்டவும் செய்தார். நந்தினிக்கு நாற்பத்தி நாலு, வகுப்பிலேயே அதுதான் முதல் மார்க். எனக்கு நாற்பத்தி ஒன்று.

இப்போதெல்லாம் எந்தக் கேள்வித்தாளையும் நானே எழுதிப் பார்க்காமல் பள்ளிக்குக் கொண்டுபோவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவேன். மகள் கடிகாரத்தோடு எதிரில் நின்று, "டைம் முடிஞ்சுபோச்சும்மா, பேப்பரக் குடு" என்று பிடுங்குவாள்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவிங்க கணக்கு டீச்சருங்க. இவிங்க எடுத்த பேப்பர்லயே செகண்ட் ரேங்க்."

அவர்கள் பாவம், கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள்.