உங்களுக்கென்று உள்ளே எடுத்து வைத்தது

கடைக்குப் போய், விலை கேட்டு, பணம் கொடுத்து, பொருளோடு வீடு திரும்புகிற சாமானியப் பிறவிகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும். இது வேறு இனம். கடையில் உறவு வைத்துக்கொள்கிற இனம். அதுவும் தெருமுனை மளிகைக் கடையில் இல்லை. கோட்டுப் போட்ட ஒருவர் கதவைத் திறந்துவிட, உள்ளே கால் வைத்ததும் குளிர் காதைக் கவ்வ, தட்டில் தண்ணீர் வர, எல்லோரும் கோயில் கர்ப்பக்கிருகத்தில் பேசுவது மாதிரி மெல்லிய குரலில் பேசிக்கொள்ள, ஒரேயொரு கைப்பை மட்டும் தனி விளக்கின் கீழே ராஜாங்கம் பண்ணிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரிக் கடையில். இவர்களுக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நானே வைத்துவிடுகிறேன்: கடைச் சம்பந்திகள்.

ஏன் சம்பந்திகள் என்கிறீர்களா? பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் போகிற தோரணையில்தான் இவர்கள் கடைக்குப் போவார்கள். வெறுங்கையோடு போக மாட்டார்கள். போனதும் சரக்கைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் கௌரவக் குறைச்சல். விற்கிற பெண்ணின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஊருக்குப் போன காவலாளி திரும்பிவிட்டாரா, மேனேஜரின் மகனுக்கு ஸ்கூல் சீட் கிடைத்ததா என்று ஒரு சுற்று விசாரித்து முடித்த பிறகு, போகிற போக்கில், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் போல, ‘அப்புறம், புதுசா ஏதாவது வந்திருக்கா?’ என்பார்கள். கடையின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ‘நம்ம பொண்ணு இருக்காளே, அங்கே’ என்பார்கள்.

உதாரணத்துக்குப் பம்பாய் மாட்டுங்கா சாருலதாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவிலேயே வேரூன்றிய குடும்பம். கணவர் ஜம்புநாதன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போகிற கடைகளில் எல்லாம் நல்ல நாற்காலி எது என்று கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்வதை முழுநேரப் பணியாகக் கொண்டவர்.

சாருலதாவுக்கு ஒரு பை வேண்டும். பாந்த்ராவில் பெரிய பெரிய ஆபீஸ்கள் இருக்கிற பி.கே.சி. பக்கம், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பிரெஞ்சுக் கடையின் பை. காபிப்பொடி நிறம், சின்னத் தங்கப் பூட்டு. கையில் காசு இருக்கிறது, வாங்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் நீங்களும் நானும் சாமானியர்களாகிப் போகிறோம். அந்தப் பை விற்பனைக்கு இல்லை. ஆனால் விற்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சும்மா. நிஜமான பை உள்ளே இருக்கும். உள்ளே இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் இல்லை என்பார்கள். கேட்காமல், வருஷக்கணக்கில் நல்ல மனுஷியாக வந்து போய்க்கொண்டிருந்தால், ஒருநாள் அவர்களாகவே பக்கத்தில் வந்து, ‘உங்களுக்குன்னு ஒண்ணு உள்ள எடுத்து வச்சிருக்கேன்’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக சாருலதா மூன்று வருஷமாகக் காத்திருந்தாள்.

இந்தத் தவத்துக்குக் காரணம் நாத்தனார் வாலாம்பாள். நியூ ஜெர்சியில் இருக்கிறாள். போன தடவை வந்தபோது அதே பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “அதெல்லாம் யாருக்கு வேணும்னாலும் தரமாட்டா, சாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அந்த ‘யாருக்கு வேணும்னாலும்’ சாருலதாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஜம்புநாதனின் சஷ்டியப்தபூர்த்திக்கு வாலாம்பாள் மறுபடி வருகிறாள். அதற்குள் பை கைக்கு வந்தாக வேண்டும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பம்பாய்த் தமிழர்களுக்குக் கடைகளில் ஒரு வசதி உண்டு அல்லவா? மனசில் பட்டதைத் தமிழில் உரக்கவே சொல்லலாம், எவனுக்கும் புரியாது. ஜம்புநாதன் சோபாவில் சாய்ந்துகொண்டு, “ஏண்டி சாரு, இந்தப் பைக்கு இந்த வெலையா? காசிக்கே போய்ட்டு வந்துடலாமே!” என்றார்.

தண்ணீர்த் தட்டோடு நின்ற கறுப்புக் கோட்டுப் பெண், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல், “காசிக்குப் போனாலும் சாமான் வைக்க ஒரு பை வேணும்லா சார்?” என்றாள்.

ஜம்புநாதனுக்குப் புரையேறியது. சாருலதாவுக்கோ புதையல் கிடைத்தது! கோட்டில் குத்தியிருந்த பெயர் மாயா. உண்மைப் பெயர் தங்கமயில். மேனேஜர் வாயில் நுழையவில்லையாம். வீடு தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

“மாட்டுங்கா லேபர் கேம்பா! அப்போ நாமெல்லாம் ஒரே மாட்டுங்கான்னு சொல்லு!” என்று சாருலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து வருஷத்தில் ரயில்வே லைனைத் தாண்டி அந்தப் பக்கம் ஒருதடவை கூட எட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றிலிருந்து சீர் போக ஆரம்பித்தது. கிங்ஸ் சர்க்கிளில் அப்போதுதான் அரைத்த காபிப்பொடி, சூடு ஆறாமல். நேந்திரங்காய் வறுவல். வெள்ளிக்கிழமை என்றால் மல்லிகைப் பூ. ஒரு தீபாவளிக்குக் கடை முழுவதற்கும் லேகியம் கிளறிக்கொண்டு போனாள். டில்லிக்கார மேனேஜர் அதைச் சாக்லேட் என்று நினைத்து மூன்று உருண்டை போட்டுக்கொண்டு, மறுநாள் லீவு எடுத்தார். திரும்பி வந்தவர், வயிறு இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை என்று நன்றி சொன்னாராம். விடியற்காலையில் மாயாவின் வாட்ஸ்அப்புக்கு சாருலதா குட்மார்னிங் போடுவாள். பதிலுக்குச் சிவப்பு இதயம் வந்தால் அன்று முழுக்க ஆபீஸில் எல்லோருக்கும் நல்ல மேடம். வெறும் கும்பிடு வந்தால் ஜம்புநாதனுக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

நடுநடுவே, நல்ல மனுஷி என்பதற்கு அடையாளமாக, வேண்டாததையும் வாங்கினாள். ஒரு பட்டு ஸ்கார்ஃப் வாங்கினாள். டிசம்பர் மாதம் ஜம்புநாதன் அதைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் நடந்துவிட்டு வருகிறார். சிகரெட் சாம்பல் தட்டு ஒன்று வாங்கினாள். அந்த வீட்டில் ஊதுவத்தியைத் தவிர வேறெதுவும் புகைவதில்லை, ஆகவே அதில் விபூதி வைத்தார்கள். ‘இந்தியாவுக்கு வந்ததே ஒரு ஜோடிதான்க்கா’ என்று மாயா சொன்னதால் தங்கச் சங்கிலி வைத்த செருப்பு ஒன்று வாங்கினாள். ஒரு நம்பர் சின்னது. போட்டுக்கொண்டு நடந்தால் சுண்டுவிரல் கதறும். ஆனாலும் ஒரு ஜோடிதானே வந்தது!

சஷ்டியப்தபூர்த்திக்கு மூன்று வாரம் இருக்கையில் மாயாவிடமிருந்து செய்தி வந்தது. செம்பூரில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். ‘கடை ஆளுங்கள்ல உங்கள மட்டும்தான்க்கா கூப்புடுதேன்.’

உங்கள மட்டும்! சாருலதா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்குமாக நாலு நடை நடந்தாள். கிரகப்பிரவேசத்துக்கே கூப்பிட்டாகிவிட்டது, இனி பை எங்கே ஓடிவிடப் போகிறது? வெள்ளிப் பிள்ளையார் ஒன்று வாங்கிக்கொண்டு, சுண்டுவிரலைக் கட்டாயப்படுத்தி அந்தச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, ஜம்புநாதனோடு செம்பூருக்குப் போனாள்.

மூன்றாம் மாடி. மாவிலைத் தோரணம். வாசலில் செருப்புகள். குனிந்து தன் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் அதே தங்கச் சங்கிலி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவரோரம் மேலும் ஒன்று.

ஜம்புநாதன் எட்டிப் பார்த்து, “அடியே, ஒன்னோட செருப்பு குட்டி போட்டிருக்கே!” என்றார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பெண்மணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் மூன்று வெள்ளிப் பிள்ளையார்கள் இருந்தார்கள். மாயாவின் அம்மா ஓடி வந்து சாருலதாவின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள். “நீங்கதானா அது! வாங்க வாங்க. எம் மவ ஒங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது பாத்துக்கிடுங்க.”

சாருலதாவுக்கு உயிர் வந்தது. அதற்குள் அந்த அம்மாள் பக்கத்து நாற்காலிப் பெண்மணிக்கு இன்னொரு டம்ளர் காபியை நீட்டி, “மயிலு ரோஜ் ஆப்கா இச் பாத் கர்தி ஹை” என்று அதையே இந்தியில் சொன்னாள். வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது.

அந்தப் பக்கத்து நாற்காலிதான் காட்கோபரிலிருந்து வந்திருந்த ஹன்ஸாபென். அவள் சாருலதாவை மேலும் கீழும் பார்த்து, “ஆப் மாயா கீ...?” என்று உறவுமுறை கேட்டு இழுத்தாள்.

“ஃபேமிலி” என்றாள் சாருலதா.

“ஹம் பீ ஃபேமிலி” என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள் ஹன்ஸாபென்.

பட்டுப்புடவையில் மாயா சுற்றிச் சுற்றி வந்தாள். ஹன்ஸாபென்னோடு குஜராத்தி. தாதரிலிருந்து வந்திருந்த அம்மாளோடு, தாயி, தாயி என்று மராத்தி. மூன்றாமவளோடு சுத்தமான இந்தி, தீதீ. தாராவியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு எந்தப் பாஷைதான் வராது? அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? தமிழ் ஒன்றுதான் அவளுக்குப் பாஷை, அக்கா என்பது ஒரே ஒரு ஆளைத்தான் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள் சாருலதா. பை போகட்டும். இந்தப் பெண்ணுக்குத் தான் யாரோ ஒரு நாலாவது நாற்காலிதானா? நிஜமாகவே அழுகை வந்தது. பாயசத்தைக் குடித்து அதை விழுங்கினாள். இந்த வீட்டின் ஒரு சுவராவது தன்னுடைய சாம்பல் தட்டில் கிடைத்த கமிஷனில் எழும்பியதுதான் என்றும் தோன்றியது. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கிளம்பும்போது வாசலில் ஒரே குழப்பம். எட்டுச் செருப்பும் ஒரே முகம். எது யாருடையது? மாயா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒரு ஜோடியை எடுத்து சாருலதாவின் காலில் தானே மாட்டிவிட்டாள். என்ன அதிசயம்! சுண்டுவிரல் வாயே திறக்கவில்லை.

“இது என்னோடது இல்லையேம்மா.”

“ஹன்ஸாபென்னோடதுக்கா. அவியளுக்கு ஒரு நம்பர் பெருசு, ஒங்களுக்கு ஒரு நம்பர் சின்னது. நீங்க வாங்கின மறுநாத்தான் இது வந்துச்சு. ரெண்டு பேரும் நொண்டி நொண்டி நடக்கத ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன். எப்படிக்கா சொல்ல முடியும்?” ஹன்ஸாபென்னும் மாற்றிப் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்து, ‘அரே வா!’ என்றாள். எழுந்த மாயா சாருலதாவின் மணிக்கட்டை அழுத்திக் காதோடு சொன்னாள்: “வியாழக்கெழம வாங்கக்கா. ஒங்களுக்குன்னு ஒண்ணு உள்ள எடுத்து வச்சிருக்கேன்.”

படியிறங்கும்போது சாருலதா திரும்பிப் பார்த்தாள். மாயா ஹன்ஸாபென்னின் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

இனி அந்தக் கடைப் பக்கம் சாருலதா தலை வைத்துப் படுத்திருக்க மாட்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? புதன்கிழமையே போய்விட்டாள்.

பெட்டி வந்தது. பை வந்தது. காபிப்பொடி நிறம் இல்லை, கிளிப்பச்சை. “இந்தியாவுக்கு வந்ததே ஒண்ணுதான்க்கா” என்றாள் மாயா. ஒன்றா, நாலா என்று கேட்க சாருலதாவுக்கு வாய் வரை வந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. “எனக்குப் பச்சைன்னா உசிர்டி கொழந்தே” என்று கார்டை நீட்டினாள்.

சஷ்டியப்தபூர்த்தி அன்று கிளிப்பச்சைப் பை மாலை மாற்றும்போதும் கையை விட்டு இறங்கவில்லை. வாலாம்பாள் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். “இந்தக் கலர் எனக்குத் தரவே இல்லையேடி! இருக்குன்னே சொல்லலையே!” என்று அலறினாள். மூன்று வருஷக் காபிப்பொடியும் அந்த ஒரு அலறலில் பலித்துவிட்டது. சாருலதா தரையிலேயே இல்லை. “நம்மாத்துப் பொண்ணு மாதிரி ஒருத்தி இருக்கா அக்கா. யாருக்கு வேணும்னாலும் தரமாட்டா” என்றாள், மிக நிதானமாக.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். பந்தியில் மாயாவுக்குப் பக்கத்து இலையில் வாலாம்பாள் உட்கார்ந்தது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். சாருலதா தானே நெய் கொண்டுவந்தாள். பின்னால் வந்து நின்றபோது காதில் விழுந்தது, மாயாவின் அந்த மெல்லிய குரல்:

“கடைக்கு வாங்கக்கா. ஒங்களுக்குன்னு ஒண்ணு உள்ள எடுத்து வச்சிருக்கேன். சாரு அக்காட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

நெய் இலையில் விழாமல் மாயாவின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. மறுநாள் கடைக் கதவு திறக்கும் முன்பே, மணையில் உட்கார்ந்த களைப்பு கூடத் தீராத ஒரு அம்மாள், கையில் கால் கிலோ காபிப்பொடியோடு வாசலில் நின்றுகொண்டிருந்ததாகக் காவலாளி சொல்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. நீங்கள் மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். வாழையிலைக்காரர் பூலோகம் உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, முன்னால் கிடக்கிற கட்டைத் தள்ளிவிட்டு, சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டு இலையை உருவித் தருகிறார், மற்றவர்களுக்குக் கிடையாது என்று கண்ணைக் காட்டுகிறார். அது வேறு. அவர் நிஜமாகவே உங்களுக்கென்று எடுத்து வைத்ததுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

போகட்டும், உங்களிடம் மறைப்பானேன்? இந்தக் கதையைக்கூட நான் யாருக்கும் காட்டாமல், உங்களுக்கென்றே உள்ளே எடுத்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.