பதினேழு ஆட்டங்களின் குரு

ஒரே ஓர் ஆட்டம் தெரிந்துவிட்டால் போதும், உலகத்தில் ஆடப்படும் அத்தனை ஆட்டமும் தெரியும் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடிக் காற்றுக்கும் பறக்காத தொப்பி, டிராக் பேண்டுக்குள் திணித்த பனியன், கழுத்தில் தொங்கும் விசில், நடக்கும்போதே யாரையோ அதட்டுகிற குரல். சம்பளப் பட்டியலில் அதற்கு உடற்கல்வி இயக்குநர் என்று பெயர். பிள்ளைகள் வாயில் பி.டி. சார்.

மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கும் இளையபெருமாள் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. அவர் ஆடியது பூப்பந்து. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கபடி, ஹாக்கி, சதுரங்கம், குண்டு எறிதல் என்று பதினேழு ஆட்டங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பாடம்: "காலைக் கவனி!" சதுரங்கம் ஆடுகிற பெண்ணிடமும் அதையேதான் சொன்னார். அவளும் பாவம், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நீச்சலா? காவிரிக் கரையில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். "கரையில நின்னாதான்டா தப்பு தெரியும்!" அவருக்கு நீந்தத் தெரியாது. இதெல்லாம் அவரே சொல்லிச் சிரிக்கும் கதைகள்தான். நாமே நம்மைக் கேலி செய்துகொண்டால் மற்றவர்கள் செய்யமாட்டார்கள் என்பது அவருடைய பதினெட்டாவது ஆட்டம்.

ஒரே குறை, மண்டல விளையாட்டு விழாவின் ஒட்டுமொத்தக் கேடயம் ஒரு முறைகூட அவர் கைக்கு வந்ததில்லை. இந்தத் தை மாதம் தஞ்சாவூரில், விழாவின் கடைசி நாளில், அது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. பெண்கள் ஹேண்ட்பாலில் ஏழு பேரை இறக்கினாலே, தோற்றாலும், இரண்டு புள்ளி. ஆனால் ஒருத்தி வீட்டில் அறுவடை, வரவில்லை.

ஆஷிகா மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாமாண்டு மாணவி. மாலையில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். முதலாவதாக வந்தால் பல்கலைக்கழக அணி. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"ஏம்மா, சும்மா போய் நில்லு. ஒரு மணி நேரந்தான்."

"எனக்கு ஹேண்ட்பால் தெரியாது சார்."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

நெடுந்தூரம் ஓடுகிறவரை அதே நாளில் வேறு ஆட்டத்தில் இறக்கக் கூடாது என்று விதி இருந்தது. இரண்டு பட்டியலையும் யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? ஆஷிகாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

சும்மா நிற்க ஆஷிகாவுக்குத் தெரியாது. வெயிலில் ஒரு மணி நேரமும் ஓடினாள். மாலைப் பந்தயத்தில் முதல் பதினோரு சுற்றும் முன்னால் இருந்தவளுக்கு அதன்பின் கால் கனத்தது. கும்பகோணத்துக் குந்தவை இரண்டடி முந்திப் போனாள்.

கேடயம் வந்தது, ஒரே புள்ளியில். கல்லூரி முதல்வர் சால்வை போர்த்தினார். கேடயத்தைக் கட்டிக்கொண்டே இளையபெருமாள், ஓரமாக ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஆஷிகாவிடம் போனார். அவள் அழவில்லை.

"சார், ஹேண்ட்பால்ல நான் எந்த பொசிஷன்ல ஆடுனேன்? வீட்ல அத்தா கேப்பாங்க."

எழுதிக் கொடுத்தவருக்கே அது தெரியாது. எப்போதும் கைவசம் இருக்கும் கேலியும் வரவில்லை.

நேராகப் பல்கலைக்கழக அணித் தேர்வுக் குழுத் தலைவர் அப்துல் மஜீதிடம் போய், விதியை மீறியது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

"யோசிச்சுதான் எழுதுனீங்களா? ஹேண்ட்பால் புள்ளி போச்சுன்னா ஷீல்டும் போயிடும்ங்க."

"போகட்டுங்க. புள்ள மேல தப்பு இல்ல. மறுபடி ஓட விடுங்க."

குந்தவையைக் கேட்டார்கள். "ஓடலாம் சார். ஜெயிச்சா நல்லா ஜெயிக்கணும்ல," என்றாள்.

அடுத்த வாரம் ஓடினார்கள். இளையபெருமாள் வேலிக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றார். ஆஷிகா முப்பது மீட்டர் முன்னால் வந்தாள்.

"ஷீல்டு எங்கங்க?" என்றார் முதல்வர்.

"அரை மணி நேரம் வச்சிருந்தோம்ல சார்."

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஹேண்ட்பால் விதிப்புத்தகத்தை முதன்முதலாகப் புரட்டினார். அன்று அவள் இடது ஓரமாக ஓடியதை அதிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஆஷிகாவுக்குப் போன் போட்டார். "லெஃப்ட் விங்கும்மா. அத்தாகிட்ட சொல்லு."

நல்ல வேளை, நமக்கு இந்த வம்பெல்லாம் இல்லை என்கிறீர்களா? உங்கள் மகளின் வார அட்டவணையைக் கொஞ்சம் எடுங்கள். திங்கள் கீபோர்டு, செவ்வாய் சிலம்பம், புதன் அபாகஸ், வியாழன் பரதம். இதில் எது உங்களுக்குத் தெரியும்? போகட்டும், எது அவளுக்குப் பிடிக்கும்? தலையைச் சொறியாதீர்கள். கழுத்தைத் தடவிப் பாருங்கள். விசில் ஒன்று தட்டுப்படும்.