ஜெர்மன் புட்டி

இனிமேல் வெல்லக் காப்பி குடிப்பதில்லை என்று கனகசபேசன் முடிவு செய்தார். யுத்தம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அண்ணாமலை நகரில் பையன்களுக்கு ரசாயனம் நடத்துகிற மனிதர் வெல்லக் காப்பியா குடிப்பது?

ரேஷன் சர்க்கரை முழுவதையும் மனைவி சிவகாமு டப்பாவில் பூட்டிவிடுவாள். பொங்கலுக்கு முதுநகரிலிருந்து சீர் கொண்டுவரும் அவள் அண்ணனுக்குக் கேசரி கிண்டவேண்டுமாம்!

ஆகவே ரேஷன் கடைக்கு அவரே போக ஆரம்பித்தார். வரும் வழியிலேயே பாதிச் சர்க்கரையைப் புதுப் புட்டியில் கொட்டிக்கொண்டார். கல்லூரியில் கிடந்த பழைய ஜெர்மன் லேபிள் ஒன்றை அதில் ஒட்டித் தம் மேஜைமேல் வைத்தார். மண்டையோட்டுப் படம், கீழே கொட்டை எழுத்தில் 'கிஃப்ட்'.

சிவகாமு மூன்றாம் பாரம் படித்தவள். "கிஃப்ட்டா! எனக்கா மாமா?"

"தொடாதே! இங்கிலீஷ்லதான் அது பரிசு. ஜெர்மன்ல விஷம்!"

"அடேயப்பா! ஒரே வார்த்தையா?"

"இங்கிலீஷ்காரன் சும்மா கெடச்சதெல்லாம் கிஃப்ட்டும்பான். ஜெர்மன்காரன் சிடுமூஞ்சிப் பொம்பளைய அந்த வார்த்தைய வச்சுத்தான் திட்டுவான். வரதட்சணைக்குக்கூட அவன் பாஷையில மித்கிஃப்ட்!"

"எங்க அப்பாகிட்ட இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

கனகசபேசன் அதைக் காதில் வாங்கவில்லை. "இனிமே என் காப்பிக்கு இனிப்பே வேணாம். வெல்லங்கூட வேணாம். ஒங்க அண்ணனுக்காக விட்டுட்டேன்."

"எவ்வளோ பெரிய மனசு மாமா!"

பெரிய மனசுக்காரர் தினமும் மேஜையில் காப்பியை வைத்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் புட்டியைத் திறந்தார்.

"மாமா, சக்கரை கொறச்சலா இருக்கே?"

"யுத்தம்."

பொங்கல் நெருங்கியது. மேஜையடியில் பெருக்கிக்கொண்டிருந்த சிவகாமு நிமிர்ந்தாள்.

"ஒங்க விஷத்துல எறும்பு மொய்க்குதே மாமா."

"செத்துடும்."

"சாவலியே. வரிசையா போவுது, வரிசையா வருது. ஒண்ணுகூட மயங்கலியே!"

கனகசபேசன் கொஞ்சம் யோசித்தார். "அது மெதுவா கொல்ற விஷம்."

"ஓஹோ" என்றாள் சிவகாமு. எறும்பை ஊதிவிட்டு, மறுபடி பெருக்கினாள்.

பொங்கலன்று கரும்பும் மஞ்சள் கொத்துமாக அண்ணன் உத்திராபதி வந்து சேர்ந்தார். இலையில் கேசரி நெய்யோடு பளபளத்தது.

"தித்திப்பு தூக்கலா இருக்கே தங்கச்சி! இந்த ரேஷன்ல ஏது இவ்வளோ சக்கரை?"

"எல்லாம் இவரு தயவுதாண்ணே."

கனகசபேசன் மேஜைப்பக்கம் எட்டிப்பார்த்தார். கழுவின புட்டி தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் மானம் போகும். கேசரியாவது மிஞ்சட்டும் என்று இலையைச் சற்று முன்னால் நகர்த்தினார்.

கரண்டி அவர் இலையைத் தாண்டிப் போயிற்று.

"என்ன, மச்சானுக்கு வைக்கலியா?"

"ஒனக்காக இனிப்பையே விட்டுட்டாருண்ணே!"

உத்திராபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மச்சான்? அப்ப அதையும் எனக்கே வையி, சிவகாமு."

சாப்பாடு முடிந்து காப்பி வந்தது. கனகசபேசன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

வெல்லங்கூட இல்லை.