ரெப்ளிக்கா என்னும் குத்துவாள்

மெய்யும் பொய்யும் தன் திருமுன்னே ஒருங்கே கிடக்கக் கண்டும் சினவாது நின்றாடும் தில்லைக் கூத்தனின் திருவடி தொழுது தொடங்குகிறேன்.

புரட்டாதி மாதத்து வளர்பிறை நவமி, ஆயுத பூசை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அந்த நன்னாளிலேதான் என் குடும்பத்தின் வருகையை என் கையாலேயே இரண்டாண்டு தள்ளிவைத்தேன்.

அப்போது நான் இலண்டன் டூட்டிங்கில் ஓர் அறையில் இருந்தேன். மனைவி மங்கையும் இரு பெண்மக்களும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருபதாண்டு தமிழாசிரியனாயிருந்தவன், இலண்டனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் தற்காலிகக் காவலாளி ஆனேன். நிரந்தர வேலைக்கான கடிதம் கிடைத்தால் அவர்களை அழைக்கலாம். அதை வெள்ளிக்கிழமை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்று உரோமானியப் போர்வீரரின் குத்துவாள்கள் ஆறு அங்கே இருந்தன. வெள்ளிப் பூச்சு மின்னும். ஒவ்வொரு பிடியிலும் 'ரெப்ளிக்கா' என்றொரு சீட்டு. அதுவே குத்துவாளின் இலத்தீன் பெயர் என்று துணிந்தேன். (அகராதி புரட்டுவது அறியாதார் செயல் என்பது அக்காலத்து என் கொள்கை.) கையிலெடுத்தபோது மரமென்று தெரிந்தது. ஈராயிரம் ஆண்டாய் உளுக்காத மரமோ என்று வியந்தேனேயன்றி ஐயுற்றேனில்லை.

துப்புரவு வேலை செய்த கனகுவுக்கும் அதை விளக்கினேன்.

"மரக்கத்தியாலையோ மாஸ்ரர் அவங்கள் உலகத்தைப் பிடிச்சவங்கள்?"

"வைரமரம் கனகு, வைரம்!"

நவமியன்று காலை, கதவு திறக்குமுன், பின்னறையில் பூசைக்கு ஆயத்தம் செய்தேன். ஆறு ரெப்ளிக்காக்களுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பக்கத்து மேசையில், பஞ்சு விரித்த தட்டில், துருவேறிய இரும்பொன்று கிடந்தது. சீட்டு இல்லை.

"பெட்டி உடைக்கிற கத்தியாக்கும்" என்றேன். "ஆயுதம் எண்டா ஆயுதம்தானே. இதுக்கும் ஒரு பொட்டு வைப்பம்."

"தொடாதேங்கோ மாஸ்ரர். ஆசுப்பத்திரியிலை பிறந்த பிள்ளை மாதிரிப் பஞ்சிலையெல்லோ கிடக்குது!"

"துருவோடை பூசைக்கு வைக்க ஏலாது."

விளக்கு மினுக்கக் கொண்டுவந்த பழப்புளி கையில் இருந்தது. அரைமணி நேரம் தேய்த்தேன். துரு போயிற்று. துருவோடு கத்தியில் பாதியும் போயிற்று. எஞ்சியதற்குப் பொட்டிட்டு, கண்மூடிப் பதிகம் பாடினேன். (குரல் நன்றாக இருந்ததாகக் கனகு சொன்னான்.)

மறுநாள் மேலாளர் ஒரு தொல்பொருள் ஆய்வாளரோடு வந்தார். ஆய்வாளர் தட்டைப் பார்த்தார். நாற்காலியைத் தேடாமலே தரையில் அமர்ந்தார்.

"இதைக் கழுவியது யார்?"

"நான்தான் ஐயா. ரெப்ளிக்காக்களை மட்டும் தண்ணீரில் நனைக்கவில்லை" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

ரெப்ளிக்கா என்றால் போலி என்று மேலாளர் மெதுவாக விளக்கினார். தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் கிடைத்த மெய்யான குத்துவாளில் பாதி புளித்தண்ணீரோடு கழிவுக்குழாயில் போய்விட்டிருந்தது. விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது நம் வழக்கம். அன்று எனக்கும் தொடக்கினார்கள். மேலாளர் ஏசியிருந்தால் மறந்திருப்பேன். "உங்கள் நோக்கம் நல்லதுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை கடிதம் தவறாமல் வந்தது. நான் கேட்ட கடிதமன்று.

வேறு வேலை தேடி, அவர்களை அழைக்க இரண்டாண்டு ஆயிற்று. நான் பிரிந்தபோது மழலை பேசிய இளையவள் ஹீத்ரோவில் தாயின் பின்னே ஒளிந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கதை முழுவதையும் தாய் சொல்லி வைத்திருந்தாள்.

"அம்மா, இவர் ஒறிஜினல் அப்பாவோ, ரெப்ளிக்காவோ?"

"வீட்டை போய்ப் புளி போட்டு மினுக்கிப் பாப்பம் பிள்ளை" என்றாள் மங்கை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்று இளையவளுக்கே பிள்ளைகள் உண்டு. அவள் கைத்தொலைபேசியில் என் பெயர் இன்னமும் 'ரெப்ளிக்கா அப்பா'. அவளுக்குப் பால்பல் விழுந்ததையும் புதுப்பல் முளைத்ததையும் நான் கண்டதில்லை. ஆதலால் அப்பெயரை மறுக்க எனக்கு வாயில்லை.

இதைப் படிப்போர் யாவர்க்கும், மெய்யை மெய்யென்று காணும் கண்ணை, கையில் புளி எடுக்குமுன்னே அம்பலவாணன் அருள்வானாக.