பழைய பாஸ்வேர்டை அழிக்க அனுமதி கோருதல்

நாட்டில் படிவங்கள் பெருகிவிட்டன என்ற கவலையில் பிறந்தது மும்பையின் படிவக் குறைப்பு வாரியம். அதில் வேலைக்குச் சேர பதினேழு படிவங்கள் நிரப்ப வேண்டும். அங்கே பிரிவு அதிகாரியாக முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் திலக் நகர் வைத்தீஸ்வரன். எழுத்துமூல உத்தரவில்லாமல் ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்றாதவர்.

வாரியம் சமீபத்தில் நவீனமாயிற்று. வெளியூரில் இருப்பவர்கள் அலுவலகக் கணினிக்குள் பத்திரமாக நுழைய வி.பி.என். என்று ஒரு வழி வந்தது. நவீனத்தில் பாரபட்சம் கூடாதல்லவா? ஆகவே அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களும் அதன் வழியாகத்தான் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அடுத்த உத்தரவு: பிரிவு அதிகாரிகள் எல்லோருக்கும் மாநிலத்தின் மறு கோடியிலிருக்கும் சந்திராப்பூருக்கு மாற்றல். மும்பையிலேயே இருக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வி.பி.என். மூலம் தெரிவிக்கலாம். வைத்தீஸ்வரனின் மகள் சாதனா பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குக் கணக்கு சொல்லித் தருவது அவர்தான். மனைவி வந்தனாவுக்கு செம்பூரில் பள்ளிக்கூட வேலை. போனால் அவர் தனியாகத்தான் போகவேண்டும்.

திங்கட்கிழமை காலை வி.பி.என். அவரை உள்ளே விடவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கும் ஒப்பந்தப் பையன் நிகில் வந்து பார்த்தான்.

“சார், பழைய பாஸ்வேர்ட் லேப்டாப்ல சேவ் ஆயிருக்கு. நீங்க போன வாரம் மாத்தினது அதுக்குத் தெரியாது. பழசையே அனுப்பிண்டிருக்கு. டிலீட் பண்ணிட்டு புதுசு போட்டா போதும், ஏக் மினிட் கா காம், ஒரு நிமிஷ வேலை.”

பட்டனை அமுக்கப் போனவன் கையை வைத்தீஸ்வரன் பிடித்துக்கொண்டார். “டிலீட்டா? ஆர்டர் இருக்காடா?”

ஆவணப் பிரிவு தளவாயிடம் போனார். தளவாய் திருநெல்வேலிக்காரர். விதியைக் கரைத்துக் குடித்தவர்.

“ஆபீஸ்ல சேமிச்சு வச்சது எல்லாம் ரெக்கார்டுல்லா? பாஸ்வேர்டைச் சேமிச்சிருக்கீரு. அப்ப அதுவும் ரெக்கார்டு. சும்மா அழிக்க முடியாதுவே.”

துணை இயக்குநர் பானுமதி உடனே ஆவண அழிப்புக் குழுவைக் கூட்டினார். பதிவேட்டில் ‘அழிக்கப்படும் ஆவணத்தின் முழு வாசகம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ரகசியம் காக்கும் பொருட்டுச் சிவப்பு மையில் பாஸ்வேர்டை அதில் எழுதினார்கள். பிறகு ஆட்சேபணை கோரி அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வியாழக்கிழமை ஓர் ஆட்சேபணை வந்தது. பாஸ்வேர்டில் மனைவியின் பெயர் உள்ளது. மனைவியின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை.

“ஒரு பட்டனை அமுக்க என் கையெழுத்தா?” என்றாள் வந்தனா. “தள்ளுங்கோ, நானே அமுக்கறேன்.”

“நீ எம்ப்ளாயீ இல்லையேடி.”

“நன்னாயிருக்கு. பொண்ணு பரீட்சைக்கு இருக்கா. நீங்க சந்திராப்பூர்ல ஒக்காந்து ஃபைல் கட்டிண்டிருங்கோ!” அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அவருக்கும் அழுகை வந்தது. ஆனால் கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு அனுமதி கிடைத்தது. குழுவின் முன்னிலையில் வைத்தீஸ்வரன் பட்டனை அமுக்கினார். ஒரு நொடியில் அழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். புதிய பாஸ்வேர்டைப் போட்டார். உள்ளே விடுவதற்கு முன்னால் திரை கேட்டது: இந்த விவரத்தைச் சேமிக்கவா?

வைத்தீஸ்வரன் விரலை எடுத்துவிட்டார். “மேடம், அழிக்கத்தான் ஆர்டர் இருக்கு. சேமிக்க?”

பானுமதி தளவாயைப் பார்த்தார்.

“சேமிச்சா புது ரெக்கார்டு. நம்பர் போடணும்.”

“வேண்டாம்னு அமுக்கினா?” என்றார் வைத்தீஸ்வரன்.

“அது நிராகரிப்பு. காரணம் எழுதணும்லா.”

“எதையாவது அமுக்குங்கோ சார்!” என்று நிகில் கத்தினான். ஒப்பந்தப் பையன் குழுவில் குறுக்கிட்டது குறிப்பில் பதிவாயிற்று. காரணத்தின் மூன்றாவது வரி எழுதும்போது மணி ஆறு அடித்தது.

திங்களன்று உத்தரவு வந்தது. மறுப்புத் தெரிவிக்காததால் அவர் சந்திராப்பூர் செல்ல ஆவலாக இருப்பதாகக் கருதப்பட்டது. விதிமுறை வழுவாமைக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கியபோது அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதுதான் கொடுமை.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சாமான் பிரிவு அப்துல் ரவூப் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “வாங்கினப்போ இருந்த நிலையிலதான் குடுக்கணும் சார். போன மாச செக்கிங்ல உள்ள ஒரு பாஸ்வேர்ட் இருந்ததா எழுதியிருக்கு. இப்ப காணோமே?”

அதைத் திரும்ப வைக்கும்படி ஐந்தே நிமிஷத்தில் எழுத்துமூல உத்தரவு கிடைத்தது. வைத்தீஸ்வரன் அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பிழையில்லாமல் அடித்தார். சேமிக்கவா என்று திரை கேட்டதும் தயங்காமல் ஆம் என்றார்.

அந்த லேப்டாப் இப்போது பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவில் பழைய பாஸ்வேர்டையே அனுப்பிக்கொண்டு இருக்கிறது. வாரியத்துக்கு மனு அனுப்பிப் பதில் வராதவர்கள், இன்னொரு மனு அனுப்பலாம்.