கோணல் அண்ணன் போடாத கையெழுத்து

சிங்கப்பூரில் நேராக இருக்கிறது என்று நீங்கள் எதைக் காட்டினாலும், ஐந்தே நிமிடத்தில் அது கோணல் என்று நிரூபித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கோணல் அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார். அதுவும், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள், பாவம், அந்த ஆளைக் காணோமே என்கிற முகத்தோடு.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஜூரோங்கில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் வேலை பார்த்தோம். ஃபேக்டரிக்கும் கப்பல் பட்டறைக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற பஸ்கள். எந்த பஸ் இன்று வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று தாள் எழுதும் கிளார்க் நான். பஸ்ஸில் எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. கடவுள் ஒருவரைப் பார்த்துப் பார்த்துப் படைத்து, அதன் பிறகு அவருக்கென்றே ஒரு வேலையையும் படைத்த மாதிரி இருக்கும்.

வேலை முடிந்தாலும் கண் ஓயாது. அவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்து, பீடத்துக்கு மேலிருந்த சிலுவையையே பார்த்துக்கொண்டு தலையை மெல்ல இடது பக்கம் சாய்ப்பார். இவர் சாய்வதைப் பார்த்து, பிரசங்கம் செய்துகொண்டிருந்த பாதரும் தன்னை அறியாமல் சாய்ந்தார். பாதர் சாய்ந்ததும் பாட்டுக் குழுவே சாய்ந்தது. பூசை முடிந்ததும் ஏணி போட்டு அளந்தார்கள். சிலுவை ஒரு விரற்கடை சாய்ந்துதான் இருந்தது. அதைச் சரிசெய்த பாதர், அடுத்த வாரம் முதல் அண்ணனைத் தூணுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டார்.

சிராங்கூன் ரோட்டில் நடந்த என் கல்யாணத்துக்கும் வந்தார். போட்டோ எடுக்கும் நேரத்தில் மேடையேறி, "அம்மா, நீங்க ரெண்டு இஞ்சு அந்தாண்ட போங்க. மொத்தப் படமும் உங்க பக்கம் சாயுது" என்று என் மாமியாரை நகர்த்திவிட்டார். அந்த இரண்டு அங்குலத்துக்காக என் மாமியார் ஆறு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்தப் பட்டப்பெயரால் அவருக்கு ஒரே ஒரு லாபம் உண்டு. எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்போம். பட்டறை முழுக்க "கோணல், கோணல்" என்று கூப்பிடுவதைக் கேட்ட தவுக்கே, இவர் ஏதோ பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்துக்கொண்டார். "குட் மார்னிங், கர்னல்" என்று எழுந்து நின்றே சொல்வார். யாரும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஜப்பானிலிருந்து சென்சர் வந்தது. பின் பம்பரில் இரண்டு பொத்தான் மாதிரி கறுப்பாக உட்கார்ந்திருக்கும். பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆளோ சுவரோ இருந்தால் டிரைவர் பக்கத்தில் 'பீப் பீப்' என்று கத்தும். ஆனால் அது சரியான கோணத்தில் பார்க்க வேண்டும். கீழே குனிந்துவிட்டால் தார் ரோட்டைப் பார்த்தே நாள் முழுக்கக் கத்தும். மேலே நிமிர்ந்துவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பஸ்ஸாகச் சோதித்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜப்பான்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் இதற்குப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. அண்ணனுக்கு நாற்பது நிமிடம். தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். பம்பரிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுவார். அதெல்லாம் முடிந்த பிறகு தானே பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, டிரைவர் ஹமீது பாயை ரிவர்ஸ் போடச் சொல்வார்.

"பாய், கத்துதா?"

"கத்துது!"

"எந்தப் பக்கம் அதிகமா கத்துது?"

"உங்க பக்கம்தான் லா! வண்டி பரவாயில்ல!"

நின்று பார்த்தது போதாதென்று குந்தி உட்கார்ந்து ஒரு தடவை பார்ப்பார். "ஜப்பான்காரன் நிக்கிற ஆளைத்தான் கணக்குல எடுத்திருக்கான். நம்ம ஊர்ல பாதிப் பேரு குந்தித்தானே இருக்கான்?" என்பார். அப்புறம் கையெழுத்து. அதற்கும் ஸ்கேல் வேண்டும். கோட்டுக்கு மேலே ஸ்கேலை வைத்து, அதன் விளிம்பில் எழுத்துகளை உட்காரவைப்பார். அவர் கையெழுத்தின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும்.

இப்படியே சிரிக்கச் சிரிக்க இரண்டு பக்கம் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். பல பேரிடம் அப்படித்தான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் மாலை, ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றப் போக வேண்டிய மூன்று பஸ்கள் அண்ணனின் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஃபேக்டரியிலிருந்து எனக்குப் போன் மேல் போன். கடைசியாகப் பேசிய ஆள் என்னை ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. நான் போனை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். டிரைவர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"யோவ், பஸ் ஓடணும்யா இங்க! ஆளுங்க ரோட்டுல நிக்கிறாங்க. உனக்கு எல்லாமே கோணல்தான். ஏன்னா உன் புத்தியே கோணல்!"

நான் அதுவரை அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நீ, வா, போ என்றதில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்தார். தூக்குக்குண்டைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாள் லீவு. அவர் லீவு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதச் சோதனையில் அந்த மூன்றோடு சேர்த்து ஆறு பஸ்கள் பாக்கி. தாளில் கையெழுத்து இல்லாமல் பஸ்ஸை வெளியே விடக் கூடாது. அவர் லீவு எடுத்த அன்று காலையே நான் பேனாவை எடுத்தேன். ஆறு தாளிலும் அவர் கையெழுத்தை நானே போட்டேன். தேதி மட்டும் முந்தின நாள் தேதி. அன்று அவர் வேலையில் இருந்தார் அல்லவா, யாரும் கேட்க மாட்டார்கள். இதை எவ்வளவு நிதானமாக யோசித்துச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு மலாய் அம்மா தினமும் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பார். மக்சிக் என்போம், மலாயில் அத்தை மாதிரி. தாழ்ந்த மர ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். அன்று காலை ஹமீது பாய் அந்த ஆறு பஸ்ஸில் ஒன்றைத் திருப்புவதற்காகக் கேட்டுக்கு வெளியே ரிவர்ஸ் எடுத்தார். மக்சிக் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தார். பஸ் கத்தவே இல்லை. பின்னால் இருந்த ஜனங்கள்தான் கத்தினார்கள்.

மக்சிக்கின் இடுப்பும் தொடையும் முறிந்தன. உயிர் பிழைத்தார். பம்பரைப் பார்த்தபோது, இடது சென்சரைப் பிடித்திருந்த தகடு எதன் மீதோ இடித்து வளைந்திருந்தது. சென்சர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தவுக்கே எங்களை அறைக்குக் கூப்பிட்டார். ஹமீது பாய் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேசையில் அந்த பஸ்ஸின் சோதனைத் தாள்.

"கர்னல், திஸ் ஒன் யூ சைன், ரைட்?"

அண்ணன் தாளைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.  அவசரத்தில் நான் ஸ்கேல் வைக்க மறந்திருந்தேன். எழுத்துகள் மழையில் நடக்கிற ஆள் மாதிரி வலது பக்கம் சரிந்துகொண்டே போயிருந்தன. தவுக்கேக்கு அது தெரியாது. உலகத்திலேயே அது தெரியக்கூடிய ஒரே ஆள் அதைக் கையில் வைத்திருந்தார்.

"கொஞ்சம் கோணலா இருக்கு," என்று தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு தவுக்கேயிடம் திரும்பி, "எஸ் பாஸ். மை சைன்," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அப்போது எட்டு மாதம். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் உண்மையில் அந்த நேரத்தில் நான் அவளை நினைக்கவே இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அண்ணன் அன்று மதியமே வேலையை விட்டு அனுப்பப்பட்டார்.

அதன் பிறகு நான்கு மாதம் நான் செய்த ஒரே காரியம், மக்சிக்குக்கு ஹமீது பாய் மூலமாகப் பழம் கொடுத்தனுப்பியதுதான். அண்ணன் காத்தோங்கில் ஒரு டயர் கடையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். சிராங்கூன் ரோட்டில் தேக்கா சந்தைப் பக்கம் அவர் வருவது தெரிந்தால் நான் வேறு சந்தில் திரும்பிக்கொள்வேன். எனக்கு மகன் பிறந்தான். தொட்டிலுக்கு மேலே குனிந்து அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், எதற்காகவோ அவன் என்னை முறைப்பது மாதிரியே இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேலாங்கில் மக்சிக் இருந்த அடுக்குமாடி வீட்டைத் தேடிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரையில் குந்தி உட்கார்ந்து, மக்சிக்கின் ஊன்றுகோலின் அடியில் ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார் கோணல் அண்ணன். மக்சிக் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேராக அங்கேதான் வருகிறாராம்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "மக்சிக், அந்தத் தாள்ல சைன் போட்டது இவர் இல்ல. நான்."

மக்சிக் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"நாலு மாசம் ஆச்சு," என்றார். "இங்க வர்றதுக்கு இன்னைக்குத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

 ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவரே மெல்ல எழுந்து போய் எனக்கும் ஒரு டம்ளர் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை அவர் நடந்து வந்ததை நான் நின்று பார்த்தேன்.

திரும்பும்போது படிக்கட்டில் அண்ணனிடம், "ஏண்ணே அன்னைக்கு உங்க சைன்னு சொன்னீங்க? எனக்காகவா?" என்று கேட்டேன்.

"உனக்காக ஏன்யா சொல்லணும்?" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "மணியம், அந்தத் தகடு வளைஞ்சிருந்ததை முந்தின நாள் சாயங்காலமே நான் பாத்துட்டேன் லா. சுத்தியலை எடுக்கலாம்னு இருந்தேன். அப்பத்தான் நீ வந்து அத்தனை பேர் முன்னாடி கத்துன. எனக்கு ரோஷம் வந்துருச்சு. போடா, நீயே பாத்துக்கன்னு விட்டுட்டுப் போயிட்டேன். சைன் போட்டது நீ. பாத்துட்டும் போனது நான். அப்புறம் எப்படி என்னுது இல்லன்னு சொல்றது?"

நான்கு மாதமாக எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது: ஒரு நல்ல மனுஷன் என்னைக் காப்பாற்றிவிட்டான் என்று. அந்தப் படிக்கட்டில் அதுவும் போயிற்று. அவர் என்னைக் காப்பாற்றவில்லை. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் குற்றத்தையும் அவருக்குச் செய்து கொடுத்தது நான்.

மறுநாள் காலை தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன்.  "யூ லெட் த கர்னல் கோ லைக் தட்?" என்று மட்டும் கேட்டார். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார். அண்ணனை நானே போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். காத்தோங்குக்குப் போய், டயர் கடை வாசலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. திரும்பி வர அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: குந்தியிருக்கிற ஆளை வைத்துச் சோதிப்பதையும் தாளில் அச்சடிக்க வேண்டும். அச்சடித்தார்கள்.

மக்சிக் பிறகு எங்கள் கேட்டுக்கு வரவே இல்லை. வீட்டிலேயே சமைத்து விற்றார். நடை கடைசிவரை சரியாகவில்லை.

அண்ணன் ஓய்வு பெறும்வரை தினமும் மத்தியானம் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். என் தட்டிலிருந்து கேட்காமலே அப்பளத்தை எடுத்துக்கொள்வார். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது எடுத்து, என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம் இந்த மனுஷன்.