வட்டத்துக்குள் வேப்பிலை கொண்டுபோன கதை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருசமாகத் தயங்கினேன். கொப்பியைத் திறப்பேன். மேலே "அம்மாளே துணை" என்று எழுதுவேன். மறுகா மூடி வைத்துவிடுவேன். அந்த மேல்வரியை எழுதி எழுதியே ஒரு கொப்பி முடிந்துபோயிற்று. வெட்கம்தான் காரணம். ஊரே ஒரு மனிசனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அவனே பேனையை எடுத்து அந்த அடுப்புக்கு விறகு வைப்பானா? இன்றைக்கு வைக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. கலியாணம், செத்தவீடு, கோயில் சடங்கு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கதிரையும் தகரப் பந்தலும் வாடகைக்குக் கொடுப்பது தொழில். கதிரைக் கணேசன் என்றால் குருக்கள்மடத்தில் இருந்து பெரியகல்லாறு வரைக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் சிரிக்கிறவனும் அழுகிறவனும் என் கதிரையில் இருந்துதான் செய்ய வேண்டும் (பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆளில்லை).

ஒருநாள் பிரதேச செயலகத்தில் ஒரு பயிற்சி என்று கதிரை கேட்டார்கள். பொலிசில் மாட்டுப்படுகிற பிள்ளைகளோடு ஊர் ஆட்கள் எப்படி நடந்துகொள்வது என்று படிப்பிக்கிற பயிற்சி. கதிரையை இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தால், எங்கள் ஊருக்கென்று பேர் கொடுத்தவர் வரவில்லை. படிப்பிக்க வந்தவர் ஏறாவூரைச் சேர்ந்த நிஸ்ரின் மிஸ். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றியே ஆய்வு செய்கிறவர்.

"அண்ணன், நீங்களே இரிங்க. ஒரு கதிரை காலியாக் கிடந்தா வட்டம் வட்டமா இராது" என்றார்.

இப்படித்தான் நான் இளைஞர் நீதி என்கிற இந்த வேலைக்குள் நுழைந்தேன். அறிவால் அல்ல, என் கதிரையாலேயே.

மிஸ் சொன்ன முதல் விசயமே என்னை ஆட்டிவிட்டது. "பிள்ளையை வெருட்டி, நாலு பேருக்கு முன்னால நிக்க வெச்சாத் திருந்துவான் எண்டு எல்லாரும் நம்புறம். அப்படிச் செஞ்ச பிள்ளைகளுக்கு மறுகா என்ன நடந்த எண்டு பின்னால போய்ப் பாத்திரிக்காங்க. கனபேருக்கு அது உதவல்ல. சிலரை இன்னும் கெடுத்திரிக்கி."

நான் கையை உயர்த்தினேன். "மிஸ், எங்கட அப்பா என்னை அடிச்சுத்தான் வளத்தார். நான் திருந்தல்லியா?"

"அடிச்சதால எதை விட்டீங்க, அண்ணன்?"

"பள்ளிக்கூடத்தை" என்றேன்.

மண்டபம் சிரித்து ஓய நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டு உண்மையாகவே படித்தேன்.

பிழை செய்த பிள்ளையும், அதனால் பாதிக்கப்பட்டவரும், வீட்டாரும் வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பொருள் கைக்குக் கை மாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். அவராகக் கொடுக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. பயிற்சியில் ஒரு றப்பர் பந்தை வைத்துச் செய்தோம்.

"உங்கட ஊர்ல பந்துதான் வேணும் எண்டு இல்ல. ஆக்கள் மதிக்கிற ஒரு பொருளா எடுத்துக்கொள்ளுங்க" என்றார் மிஸ்.

இந்த ஒரு வசனத்தை நான் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சான்றிதழைச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பழகிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் தொடங்கினேன். மீன் கருகிய அன்று மனிசியிடம் மிகவும் மெதுவாக, "சரசு, மீன் கருகினதைப் பத்தி உனக்கு எப்படி இரிக்கி?" என்று கேட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லியே" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சுதனுடைய பிரச்சினை வந்தது. மேசன் ரவியின் மகன். தாய் குவைத்தில் வீட்டு வேலை. அந்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். ஒரு பின்னேரம் இவனும் கூட்டாளிமாரும் பாக்கியம் அக்காவின் தோணியைக் கேளாமல் எடுத்துக்கொண்டு வாவிக்குள் விளையாடப் போய், தண்ணீருக்குள் தாழ்ந்து கிடந்த பழைய தூணில் மோதி, பக்கப் பலகை பிளந்து, வலையும் போய்விட்டது. மற்றவர்கள் நீந்தித் தப்பிவிட்டார்கள். சுதன் மட்டும் பிடிபட்டான். பாக்கியம் அக்கா புருசனை இழந்தவர். அந்தத் தோணியும் இறால் வியாபாரமும்தான் அவருக்குச் சோறு. அவர் பொலிசுக்குப் போனதில் ஒரு பிழையும் இல்லை.

நன்னடத்தை உத்தியோகத்தர் என்னிடம் வந்தார். "கணேசன், ரெண்டு பக்கமும் இருந்து பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தா நான் கோட்டில நீதவானுக்கு அப்படியே எழுதலாம். இல்லாட்டிப் பொடியனைத் தூரத்தில ஒரு சிறுவர் இல்லத்தில போடுவாங்க. இந்த வருசச் சோதினை அவனுக்கு இல்ல. அந்த வட்டத்தை நீங்கதான் வைக்கணும்."

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மிஸ்ஸும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆய்வுக்குக் குறிப்பு எடுக்க வேண்டுமாம். பந்துக்குப் பதிலாக என்ன வைப்பது? ஊர் மதிக்கிற பொருள் எது?

"ரிமோட்டைக் கொண்டு போங்க. நம்மட வீட்டில அது ஆருட கையிலயோ அவங்கட பேச்சுத்தானே" என்றாள் சரசு.

நான் அவளை ஏளனமாகப் பார்த்துவிட்டு, குளித்த உடம்போடு அம்மன் கோயிலுக்குப் போய், அம்மாளின் காலடியில் கிடந்த ஒரு வேப்பிலைக் கொத்தை எடுத்து வந்தேன். இதைவிட மதிப்பான பொருள் எங்கள் ஊரில் உண்டா? இதைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது பொய் சொல்வானா?

அம்மாளின் வருசச் சடங்குக்கு முந்திய கிழமை அது. வட்டம் வைத்த பலநோக்கு மண்டபம் கோயிலுக்கு அடுத்த வளவு. பாக்கியம் அக்கா வருசா வருசம் சடங்கில் வேப்பிலை ஏந்தி, அம்மாள் மேலே இறங்க உரு ஆடுகிறவர். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பயிற்சி எடுத்த மூளை வேறு மூளை. அதற்குள் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது.

வட்டம் அழகாகத் தொடங்கியது. குவைத்தில் இருந்த தாய்க்கும் ஒரு கதிரை போட்டு, ரவியின் போனை வீடியோவோடு அதில் சாய்த்து வைத்தேன். வேப்பிலையோடு முதலில் நான் பேசினேன் (தேவைக்கு மேலே). சுதனிடம் கொடுத்தேன். "பிழைதான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தகப்பனிடம் கொடுத்தான். ரவி அழுதுவிட்டுப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தான்.

அக்கா கொத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். அந்த நேரம் பார்த்து அடுத்த வளவில் யாரோ சடங்குக்கு உடுக்கை அடித்துப் பார்த்தார்கள்.

அக்காவின் தோள் நடுங்கியது. ஆட்கள் உணர்ச்சிவசப்பட்டால் தடுக்காமல் இடம் கொடுக்க வேண்டும் என்று மிஸ் படிப்பித்திருந்தார். நான் எழும்பி, என் கதிரையைப் பின்னுக்கு இழுத்து, இடம் கொடுத்தேன்.

கொடுத்த இடம் போதவில்லை. கொண்டை அவிழ்ந்தது. ஒரு சத்தம் போட்டார், மண்டபத்துத் தகரத்தில் இருந்த புறா எல்லாம் பறந்தன. கதிரை ஒன்று கால் முறிந்து விழுந்தது. ரவி நெடுஞ்சாண் கிடையாக விழுந்தான். உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். குவைத்தில் இருந்து "தாயே, என்ட புள்ளையைக் காப்பாத்தம்மா!" என்று ஒரு அலறல். மறுகா போனில் அந்த நாட்டு முகட்டுக் காற்றாடி மட்டும் சுற்றியது. சுதனின் தாய் அங்கேயே நிலத்தில் விழுந்து கும்பிட்டிருக்கிறாள்.

நிஸ்ரின் மிஸ் குறிப்புத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என் காதுக்குள், "அண்ணன், இது எந்தக் கட்டம்?" என்றார்.

"மிஸ், வேப்பிலை அவட கையில இரிக்கி. அவ தாற வரைக்கும் நாம பறையப்படாது."

அவர் போட்ட சட்டம். வாயை மூடிக்கொண்டார்.

"எங்கடா அவன்? என்ட தோணியைத் தொட்டவன் எங்கடா?" என்று கேட்டது உரு.

சுதனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஒரு எட்டு வைத்தான். அடுத்த எட்டு ஜன்னலுக்கு வெளியே.

மஞ்சள் தண்ணீர் தெளித்தால் உரு இறங்கும். பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன். மேசையில் மஞ்சளாக ஒரு சாடி இருந்தது. அம்மாளே என்று எடுத்து உச்சியில் ஊற்றினேன். பாதி ஊற்றிய பிறகுதான் வாசம் பிடித்தது. சரசு எல்லோருக்கும் குடிக்க இனிப்பாகக் கரைத்து வைத்த ஒரேஞ்சுக் கோடியல்.

உரு அந்த நொடியே இறங்கிவிட்டது. பாக்கியம் அக்கா உதட்டை நக்கிப் பார்த்தார். "ஆரடா எனக்குக் கோடியல் ஊத்தினது?"

யாரும் பதில் சொல்லவில்லை. வேப்பிலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தலையைக் கழுவ வாவிப் பக்கம் போனார். உத்தியோகத்தர் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "கணேசன், இப்ப நான் கோட்டுக்கு என்னெண்டு எழுதுற? பொடியன் பாய்ஞ்சு ஓடிட்டான் எண்டா?" என்று கேட்டார்.

ஒரு பிள்ளையை வெருட்டக்கூடாது என்று படித்துச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டமும் போட்டவன், ஊரில் இதுவரை ஒருவரும் வெருட்டாத அளவுக்கு ஒரு பிள்ளையை வெருட்டி ஜன்னலால் அனுப்பிவிட்டேன். ரவி தலையில் கைவைத்து இருந்தான். போனுக்குள் தாய், "என்ன நடந்த? ஆராவது சொல்லுங்களன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் ஏலவில்லை. அம்மாளே, தண்டனையை எனக்குத் தா, அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடு என்று மனதுக்குள் மன்றாடினேன். மறுகா இரண்டு கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு தேட வெளிக்கிட்டேன் (கண்ட இடத்திலேயே வட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம் என்று, என் புத்தி அப்படி).

மிஸ்ஸும் உத்தியோகத்தரும் பின்னால் வந்தார்கள். வாவிக்கரையில் கண்ணா மரத்துப் பக்கம் திரும்பியதும் மிஸ் என் சாரத்தைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணன், நில்லுங்க. கதிரையைக் கீழ வைக்காதீங்க, சத்தம் கேட்கும்."

பிளந்த தோணி கரையில் கிடந்தது. அதில் சாய்ந்துகொண்டு சுதன் நின்றான். பாக்கியம் அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று தலையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மாமி, தலையில எறும்பு."

"எங்கடா?"

"காதுக்குப் பின்னால. கனக்க."

"எடுத்து விடன். பாத்துக்கிட்டு நிக்கிறான்."

அவன் தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொரு எறும்பாக எடுத்து விட்டான். மறுகா அக்கா கேட்டார்: "அண்டைக்கு மத்தவனுகள் எல்லாம் நீந்திப் போய்ட்டானுகள். நீ ஏன்டா போகல்ல?"

"தோணி தாழப் பாத்த மாமி. தண்ணியை அள்ளி ஊத்தினாக் கரைக்குக் கொண்டந்திரலாம் எண்டு நினைச்சன்."

"எதால அள்ளின?"

"செருப்பால."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். "செருப்பாலயா? விசரா! வாவியைச் செருப்பால இறைக்கப் பாத்தியா?" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிக்கும்போதே அழத் தொடங்கிவிட்டான்.

"அம்மாள் கேட்டதும் பயம் வந்திட்டு மாமி. தோணியைத் தொட்டவன் எங்க எண்டு கேட்ட. அதான் தோணிக்கிட்டயே வந்து நிப்பம் எண்டு வந்தன்."

"அழாத மனே" என்றார் அக்கா. "எனக்கு அம்மாள் சொன்னது ஒண்டும் ஞாபகமில்ல. இந்தத் தோணியைச் சீராக்க ஆள் வேணும். சனிக்கிழமையில வா. உன்ட அப்பனையும் கூட்டிக்கிட்டு வா. மற்ற நாளில இஞ்சால தலை காட்டப்படாது, படிக்கணும். விளங்கின?"

"ஓம் மாமி."

அவர்கள் பேசி முடியும் வரைக்கும் இரண்டு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். உத்தியோகத்தர் அந்தப் பேச்சை அங்கேயே, என் முதுகில் தாளை வைத்து எழுதினார். நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சுதன் எங்கும் போகவில்லை. சோதினை எழுதினான். கணக்கில் மட்டும் முதல் தடவை தவறிவிட்டான் (அதற்கு நான் பொறுப்பில்லை).

நிஸ்ரின் மிஸ் இப்போது எந்த ஊரில் பயிற்சி வைத்தாலும், "மதிக்கிற பொருளா எடுங்க, ஆனா கோயில், பள்ளிவாசல், சேர்ச் ஒண்டில இரிந்தும் எடுக்கப்படாது" என்று சேர்த்துச் சொல்கிறாராம். ஏன் என்று யாராவது கேட்டால் என் கதையைச் சொல்வாராம். பேர் சொல்வதில்லை என்கிறார். கல்லாற்றில் ஒருவர் என்னைக் கண்டதும் "கோடியல் அண்ணன்" என்று கூப்பிட்டதால் எனக்குச் சந்தேகம். வீட்டில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் மகள், "அப்பா, வேப்பிலையைக் கீழ வையுங்க" என்பாள். மருமகன் வந்த முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அம்மாள் அன்று வந்தது உண்மை. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. என்ன சொல்ல வந்தாளோ, நான்தான் கோடியலை ஊற்றி இடையில் நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளையை எங்கள் எல்லோரிடமும் இருந்து கொஞ்சம் விலக்கிவிடத்தான் வந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தக் கதை ஊர் ஊராகப் போய் உருமாறிவிட்டது. ஒரு ஊரில் உரு ஆடினது நானாம். இன்னொரு ஊரில் மிஸ்ஸாம். அவற்றுக்கு நான் சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் போன மாதம் சுதனுக்குப் பெண் பார்த்த வீட்டில் யாரோ, "பொலிசுக்குப் பயந்து ஜன்னலால பாய்ஞ்சு ஓடின பொடியன்தானே" என்று சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டார் யோசிக்கிறார்களாம். அதைக் கேட்டதும்தான் அந்தக் கொப்பியில் மேல்வரிக்குக் கீழேயும் எழுதத் தொடங்கினேன்.

வாசிக்கிற நீங்கள் இதை யாருக்கும் சொல்லுங்கள், சிரித்துச் சிரித்துச் சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வேப்பிலை கொண்டுபோனவன் நான். கோடியல் ஊற்றினவன் நான். பொடியன் ஓடிப்போகவில்லை. இரண்டு தரமும் அவன் தோணிக்கிட்டத்தான் நின்றான்.